காட்டுத்தீ: பெங்களூரின் ஓரங்களில் வசிப்பவர்களும் மலையேறப் போகிறவர்களும் கேட்கும் கேள்விகள்

கனகபுரா சாலை, பன்னேர்கட்டா, ஆனேக்கல் பக்கங்களில் வீடு கட்டிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் இன்று ஏராளம். எல்லைக்கு அப்பால் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இரண்டு ஏக்கர் வாங்கி மா வைத்தவர்களும் உண்டு. சனி, ஞாயிறு வந்தால் மலைக்குக் கிளம்பும் இளைஞர்கள் தனி ரகம். இவர்கள் பொதுவாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே. எல்லாப் பதில்களிலும் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும்: காட்டுத்தீக்கு எதிரான வேலையெல்லாம் தை மாதத்திலேயே, கையில் அரிவாளோடு முடிந்துவிட வேண்டும். தீ வந்த அன்று செய்வதற்கு மிச்சமிருப்பது சீக்கிரம் வெளியேறுவது ஒன்றுதான்.

பெங்களூரில் காட்டுத்தீயா? இது ஏதோ அமெரிக்கா, ஆஸ்திரேலியா சமாச்சாரம் இல்லையா?

நகரத்தின் நடுவில் இருப்பவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். துரஹள்ளிக் காட்டை ஒட்டிய குடியிருப்புகளில் விசாரித்தால் வேறு கதை கிடைக்கும். பன்னேர்கட்டா, சாவனதுர்கா, ராமநகரம், நந்தி மலை, மாகளிதுர்கா என நம்மைச் சுற்றியுள்ள காடுகள் பெரும்பாலும் வறண்ட இலையுதிர் காடுகளும் முட்புதர்க் காடுகளும்தான். வெயில் காலத்தில் அங்கே தரையெல்லாம் சருகும் காய்ந்த புல்லும். இந்தியக் காடுகளில் 36 சதவீதத்துக்கும் மேல் அடிக்கடி தீப்பிடிக்கும் வாய்ப்புள்ளவை என்று இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது.

காடுகூடத் தேவையில்லை. 2018 ஜனவரியில் பெல்லந்தூர் ஏரிக்கரையில் காய்ந்த புல்லும் களையும் பற்றிக்கொண்டபோது, அதை அணைக்கச் சுமார் 5,000 ராணுவ வீரர்கள் இறங்க வேண்டியிருந்தது. ஏரி எரிந்ததைப் பார்த்த ஊர் நம்முடையது.

எந்த மாதங்களில் கவனமாக இருக்க வேண்டும்?

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை உச்சம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் புல் காயத் தொடங்கும், ஜனவரியில் இலை உதிரும், சிவராத்திரி வருவதற்குள் காடு பற்றிக்கொள்ளத் தயாராகிவிடும். ஏப்ரலில் இரண்டு நல்ல மாங்காய் மழை பெய்தால் பாதிக் கவலை போய்விடும். பெய்யாத ஆண்டில் மே முடியும் வரை நிம்மதியில்லை. நாளில் ஆபத்தான நேரம் நண்பகலிலிருந்து மாலை நான்கு, ஐந்து மணி வரை. காற்றும் வெயிலும் சேரும் நேரம் அது.

தீயை யார் வைக்கிறார்கள்? மூங்கிலும் மூங்கிலும் உரசித்தான் பற்றுகிறது என்று தாத்தா சொல்வாரே?

தாத்தாக்கள் எல்லோரும் சொன்னதுதான். ஆனால் நம் பக்கத்துக் காடுகளில் ஏறக்குறைய எல்லாத் தீயும் மனிதர் கையால் வருவது. புதுப்புல் முளைக்கட்டும் என்று மேய்ச்சலுக்காக வைப்பது, வயலோரக் குப்பையைக் கொளுத்திவிட்டுப் போவது, அணைக்காத பீடி, மலையுச்சியில் கூடாரம் போட்டு மூட்டும் நெருப்பு, சில இடங்களில் வனத்துறைமீது உள்ள கோபம். 2019 பிப்ரவரியில் பந்திப்பூர் புலிகள் காப்பகத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கர் எரிந்ததற்குப் பின்னாலும் மனிதக் கைதான் என்றே சொல்லப்பட்டது.

தீ பரவுவதற்கு இன்னொரு கூட்டாளி உண்ணிச்செடி. அழகுக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட இந்தச் செடி இன்று நம் காடுகளின் அடித்தளத்தையே மூடிக்கிடக்கிறது. தரையில் முழங்கால் உயரத்தில் நகரும் சருகுத்தீ, உண்ணிப்புதரில் ஏறினால் மரத்தின் கிளை வரை எட்டிவிடும்.

காட்டை ஒட்டிய பண்ணை வீடு எங்களுடையது. என்ன செய்து வைக்க வேண்டும்?

வீட்டைச் சுற்றி முப்பது அடிக்குக் காய்ந்த புல், சருகு, விறகு எதுவும் இருக்கக் கூடாது. இந்த ஒன்றைச் செய்யாமல் மற்ற எதைச் செய்தும் பெரிய பயனில்லை. அந்த முப்பது அடியில் பச்சைக் காய்கறிப் பாத்தி இருக்கலாம், வெறும் மண்தரை இருக்கலாம், வாழை இருக்கலாம். வாழையில் தொங்கும் காய்ந்த சருகை மட்டும் அவ்வப்போது அறுத்துவிடுங்கள்.

வீடுகள் பலவும் தீயின் நாக்கு தொட்டு எரிவதில்லை. காற்றில் பறந்து வரும் கங்கு கூரை இடுக்கில் விழுந்துதான் எரிகின்றன. சீமை ஓடு போட்ட வீடானால் ஓட்டுக்கடியில் பல ஆண்டுச் சருகும் அணில் கூடும் சேர்ந்திருக்கும். ஒருமுறை ஏறிச் சுத்தம் செய்யுங்கள். மழைநீர்க் குழாயின் தொட்டியில் இலை நிறைந்திருந்தால் அதுவும் கங்குக்கு நல்ல மெத்தை. காற்றுத் துவாரங்களுக்குக் கொசுவலைக்குப் பதில் மெல்லிய உலோக வலை அடியுங்கள். பிளாஸ்டிக் வலை முதல் சூட்டிலேயே உருகிப்போகும்.

நம் பக்கத்துக்கே உரிய ஓர் ஆபத்து கேழ்வரகுத் தாள் போர். கேழ்வரகு அறுவடை முடிந்து தாளைப் போர் போடுவதும் தீக்காலம் தொடங்குவதும் அடுத்தடுத்து வருகின்றன. வசதிக்காக மாட்டுக்கொட்டகையோடு ஒட்டிப் போர் போடும் பழக்கம் பலருக்கும் உண்டு. போருக்கும் கொட்டகைக்கும் வீட்டுக்கும் இடையே இடைவெளி விடுங்கள். எரிவது போரோடு போகட்டும்.

தண்ணீர் விஷயத்தில் போர்வெல்லை நம்பாதீர்கள். தீ வந்தால் முதலில் போவது மின்சாரம். தரைத்தொட்டி நிறையத் தண்ணீர், நான்கைந்து வாளி, மருந்தடிக்கும் கைத்தெளிப்பான் ஒன்று நன்றாகக் கழுவித் தண்ணீர் நிரப்பி வைத்தது, இவை போதும். சிறு தீயை முளையிலேயே அணைக்கக் கைத்தெளிப்பான் அருமையான கருவி.

கடைசியாக, வேலியோரம். காட்டுப் பக்க எல்லை நெடுகப் பத்தடிப் பட்டையாவது புல் செதுக்கி மண் தெரிய விடுங்கள். வனத்துறையினர் காட்டுக்குள் போடும் தீத்தடுப்புக் கோட்டின் சிறிய வடிவம் இது. புல்லைச் செதுக்க வேண்டும், எரிக்கக் கூடாது. எரித்துச் சுத்தம் செய்யப் போய்த்தான் பல தீ கைமீறுகிறது.

பக்கத்து நிலம் முழுக்கத் தைலமரம். பயப்பட வேண்டுமா?

வேண்டும். தைலமரத்தின் இலையில் எண்ணெய், பட்டை நார்நாராக உரிந்து தொங்கும், கீழே விழும் சருகு எளிதில் மக்காது. உரிந்த பட்டை எரிந்தபடியே காற்றில் வெகுதூரம் பறக்கும். திப்பு சுல்தான் காலத்தில், 1790 வாக்கில், ஆஸ்திரேலியாவிலிருந்து விதை தருவித்து நந்தி மலையில் நட்டதாகச் சொல்வார்கள். பின்னால் கோலார், பெங்களூரு ஊரகப் பகுதியெங்கும் பரவியது. நிலத்தடி நீரைக் காரணம் காட்டி 2017இல் கர்நாடக அரசு புதிதாகத் தைலமரம் நடத் தடை விதித்தது. பழைய தோப்புகள் இன்னும் நிற்கின்றன. தோப்பின் உரிமையாளரிடம் பேசி, உங்கள் வேலியை ஒட்டிய இரண்டு வரிசைக்கடியிலாவது சருகை வாரச் சொல்லுங்கள். அவர் வாராவிட்டால் அனுமதி கேட்டு நீங்களே வாருங்கள். மனத்தாங்கலைவிட மலிவானது.

காலி மனையில் புதர் மண்டிக் கிடக்கிறது. கொளுத்திவிடலாமா?

கூடாது. குப்பையைத் திறந்தவெளியில் எரித்தால் 5,000 ரூபாயும், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016இல் உத்தரவிட்டிருக்கிறது. ஒரு நாள் கூலிக்கு ஆள் வைத்து வெட்டுவது அதைவிடக் குறைவு.

தீயைப் பார்த்தால் யாரை அழைப்பது? எனக்குக் கன்னடம் சரியாக வராது.

112 அவசர உதவி. தீயணைப்புக்கு நேராக 101. காட்டுக்குள் என்றால் கர்நாடக வனத்துறையின் 1926. பெங்களூரில் தமிழ் புரியாத ஆளைக் காண்பது அரிது, ஆனாலும் பதற்றத்தில் நேரம் போகும். "காடிகெ பெங்கி பித்திதெ", அதாவது காட்டில் தீப்பிடித்திருக்கிறது என்ற ஒரு வரியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அடுத்து இடம். பண்ணை வீடுகளுக்குச் சரியான முகவரி இருப்பதில்லை. அருகிலுள்ள கிராமம், கோயில், பள்ளி இவற்றின் பெயரையும், கைப்பேசி வரைபடத்தில் தெரியும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையும் ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். தோட்டக்காரருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் இல்லாத நாளில் அழைக்கப் போகிறவர் அவர்தான்.

செயற்கைக்கோள் கண்டுபிடிக்கும் தீயை இந்திய வன ஆய்வு நிறுவனம் குறுஞ்செய்தியாக அனுப்புகிறது. பொதுமக்களும் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் செயற்கைக்கோள் உங்கள் தலைக்குமேல் கடக்கும் நேரத்தில்தான் பார்க்கும். புகையை முதலில் பார்ப்பது எப்போதும் ஆடு மேய்ப்பவர்தான். அவருடைய எண் உங்களிடம் இருக்கிறதா?

நாங்களே போய் அணைக்கலாமா? ஊரில் எல்லோரும் பச்சைக் கிளையை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்களே.

வேலியோரம் கணுக்கால் உயரத்தில் ஊரும் தீயானால், இருவர் மூவராக, காற்று உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வீசும்படி நின்று, ஓரங்களிலிருந்து அடித்து அணைக்கலாம். பச்சைக் கிளையால் ஓங்கி அடித்தால் பொறி பறக்கும். அழுத்தித் தேய்க்க வேண்டும். தீ இடுப்பு உயரம் வந்துவிட்டால் அது உங்கள் வேலை இல்லை.

வனத்துறையின் தீத்தடுப்புக் காவலர்கள் சில சமயம் எதிர்த்தீ வைப்பார்கள். வரும் தீக்கு எதிரே உள்ள எரிபொருளை முன்கூட்டியே எரித்துவிடும் முறை அது. காற்றையும் நிலத்தையும் பல ஆண்டு படித்தவர்கள் செய்வது. அவர்கள் செய்வதைப் பார்த்துவிட்டு நீங்கள் செய்தால் ஒரு தீ இரண்டாகும்.

வீட்டிலேயே இருந்து காப்பதா, கிளம்புவதா?

கிளம்புங்கள். மெல்போர்னில் இருக்கும் மகனோ மகளோ வேறுவிதமாகச் சொல்லியிருக்கலாம். அங்கே நீண்டகாலமாக 'தயாராக இரு, தங்கிக் காப்பாற்று, இல்லையேல் முன்னதாகவே வெளியேறு' என்ற கொள்கை இருந்தது. 2009 பிப்ரவரி 7 அன்று விக்டோரியா மாநிலத்தில் ஒரே நாள் தீயில் 173 பேர் இறந்த பிறகு, மோசமான நாட்களில் முன்கூட்டியே வெளியேறுவதுதான் பாதுகாப்பு என்பதை அங்கேயே அழுத்திச் சொல்லத் தொடங்கினார்கள். தங்கிக் காப்பதற்கென்று பயிற்சியும் பம்பும் தனி உடையும் வைத்திருப்பவர்களுக்கே அந்த நிலை. நம்மிடம் இருப்பது இரண்டு வாளி.

தாமதமாகக் கிளம்புவது இருப்பதிலேயே மோசமான முடிவு. புகையில் பாதை தெரியாது, பண்ணைச் சாலைகள் பெரும்பாலும் ஒற்றைப் பாதை, எதிரே தீயணைப்பு வண்டி வந்தால் ஒதுங்க இடமிருக்காது. கண்ணுக்குப் புகை தெரிந்து, காற்றும் உங்கள் பக்கம் வீசினால் முதியவர்களையும் குழந்தைகளையும் அப்போதே அனுப்பிவிடுங்கள். மாடுகளின் கயிற்றை அவிழ்த்துவிட மறக்காதீர்கள். கட்டிவைத்த மாடு தப்பிக்க வழியே இல்லை. நிலப் பத்திரம், மருந்து, ஆதார் அட்டை, கொஞ்சம் பணம் இவை ஒரே பையில், தீக்காலம் முழுக்கக் கதவருகே.

மார்ச்சில் மலையேறப் போகலாமா?

புல்வெளிச் சரிவுகளுக்குப் போகாதீர்கள். கர்நாடக வனத்துறை வெயில் காலத்தில் பல பாதைகளை மூடிவிடுகிறது. திறந்திருக்கும் பாதைக்கும் முன்பதிவு தேவைப்படலாம். "பின்பக்கமாக ஒரு வழி இருக்கிறது" என்று இணையத்தில் யாராவது சொன்னால், தீப்பிடிக்கும்போது நீங்கள் அங்கே இருப்பது யாருக்கும் தெரியாது என்றுதான் அதற்குப் பொருள்.

தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று நடந்ததைத் தமிழர் யாரும் மறந்திருக்க முடியாது. கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்கள் காய்ந்த புல் நிறைந்த சரிவில் தீயிடம் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இளைஞர்கள், நல்ல உடல்நலம் உள்ளவர்கள். தீ மேட்டை நோக்கி ஏறும்போது அதன் வேகம் மனிதனின் ஓட்டத்தை மிஞ்சும். சரிவு ஒவ்வொரு பத்து டிகிரி கூடும்போதும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பவர்களின் கணக்கு. நாமோ ஏற ஏற மூச்சு வாங்கி வேகம் குறைவோம்.

போய்விட்டோம். தீ வந்துவிட்டது. என்ன செய்வது?

மேலே ஓடாதீர்கள். இரண்டு சரிவுகள் சேரும் பள்ளங்களிலும் ஓடை இடுக்குகளிலும் இறங்காதீர்கள். புகைபோக்கி போல அவை சூட்டை மேலே உறிஞ்சும். தீ வரும் திசைக்குக் குறுக்காக, பக்கவாட்டில் விலகுங்கள். புகை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் தீ வரும்.

தேட வேண்டியது எரிவதற்கு எதுவும் இல்லாத இடம். ஏற்கெனவே எரிந்து கருகிய நிலம் மிகப் பாதுகாப்பானது. அடுத்து உழுத வயல், அகலமான மண்சாலை, நீர் உள்ள குட்டை. சாவனதுர்கா, ராமநகரம் போன்ற இடங்களில் நமக்கு ஒரு வரம் உண்டு: பரந்த வெற்றுக் கருங்கல் பாறை. பாறையின் நடுப்பகுதிக்குப் போங்கள். விளிம்பிலும் வெடிப்பிலும் புல் இருக்கும்.

கொல்வது பெரும்பாலும் தீயின் அனல்தான், நாக்கு அல்ல. அனல் நேர்கோட்டில் வரும். ஒரு பாறை, மண்மேடு, சுவர் குறுக்கே இருந்தாலே பெருமளவு தடுக்கும். அதற்குப் பின்னால் முகம் தரையைப் பார்க்கக் குப்புறப் படுத்து, திறந்த தோலை எல்லாம் மூடுங்கள். அதனால்தான் உடை முக்கியம்: முழுக்கைப் பருத்திச் சட்டை, பருத்திக் கால்சட்டை, தோல் காலணி. விளையாட்டுக் கடைகளில் விலைகொடுத்து வாங்கும் பாலியஸ்டர் உடை சூட்டில் உருகித் தோலோடு ஒட்டும். பையில் ஒரு பழைய கம்பளி இருந்தால் பொன்.

ஊட்டிக்குக் காரில் போகும்போது பந்திப்பூரில் தீயைப் பார்த்தால்?

தூரத்தில் என்றால் நிற்காமல் திரும்பி, சோதனைச் சாவடியில் சொல்லுங்கள். கைப்பேசியில் படம் எடுக்க நிறுத்தாதீர்கள். சாலையைப் புகை மூடி, திரும்பவும் வழியில்லை என்றால், புல்லில்லாத வெட்டவெளியில் காரின் முகம் தீயைப் பார்க்க நிறுத்தி, விளக்குகளைப் போட்டு, ஜன்னலையும் காற்றுத் துவாரங்களையும் மூடி, ஜன்னல் மட்டத்துக்குக் கீழே குனிந்து கம்பளியால் மூடிக்கொள்ளுங்கள். தீயின் முன்வரிசை கடக்கும் வரை இறங்கி ஓடக் கூடாது. கார் அனலைத் தடுக்கும்; வெளியே உங்களைக் காக்க எதுவும் இல்லை.

அந்தச் சாலையில் சிகரெட் துண்டை வீசுகிறவர்களையும், ஓரமாக நிறுத்தி அடுப்பு மூட்டுகிறவர்களையும் பற்றி நல்ல தமிழில் எழுத முடியாது.

சிவராத்திரிக்கு மாதேஸ்வரன் மலைக்கு நடந்து போகிறோம். வழியில் சமைப்பது வழக்கம்.

வழக்கம் பழையது, காடு முன்பைவிட வறண்டது. யுகாதிக்கும் இதே கதைதான். கூடியவரை சமைத்த உணவைக் கொண்டுபோங்கள்: புளிசாதமும் சப்பாத்தியும் இரண்டு நாள் தாங்கும். அடுப்பு மூட்டித்தான் ஆக வேண்டுமானால் வனத்துறை அனுமதித்த இடத்தில் மட்டும், சுற்றிலும் சருகை வாரிவிட்டு மூட்டுங்கள். கிளம்பும்போது தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, சாம்பலில் வெறுங்கை வைக்கும் அளவு ஆறியபின் நகருங்கள். மண்ணைப் போட்டு மூடினால் உள்ளே கங்கு மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். சரணாலயத்துக்குள் ஆபத்து விளைவிக்கும்படி தீ மூட்டுவதோ, எரியும் தீயை விட்டுவிட்டுப் போவதோ 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

அம்மாவுக்கு ஆஸ்துமா. புகைக்கு ஈரத்துணி போதுமா?

போதாது. ஈரக் கைக்குட்டை சாம்பல் துகளைத் தடுக்கும், நுரையீரலுக்குள் இறங்கும் நுண்துகளைத் தடுக்காது. முகத்தில் நன்றாகப் பொருந்திய என்-95 முகக்கவசம் உதவும். அதைவிட நல்லது, புகை வரும் நாட்களில் அம்மாவை நகரத்துக்குள் இருக்கும் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுவது. மூச்சிழுப்பு மருந்து தீரும் நிலையில் இருக்க வேண்டாம்.

தீக்காயம் பட்டால்?

குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் ஓடவிடுங்கள். பற்பசை, மை, வெண்ணெய், மாவு, பனிக்கட்டி எதுவும் வேண்டாம். ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். மோதிரம், வளையலை வீங்குவதற்குள் கழற்றுங்கள். சுத்தமான துணியால் தளர்வாக மூடி 108ஐ அழையுங்கள். பெங்களூரில் விக்டோரியா மருத்துவமனை வளாகத்தில் தீக்காயத்துக்கென்றே மகாபோதி மையம் இருக்கிறது. முகத்தில் புகைக்கரி, குரல் கம்மல், இருமல் இருந்தால் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். உள்ளே மூச்சுக்குழாய் வெந்திருக்கலாம்.

டிசம்பரில் மகளைப் பார்க்க ஆஸ்திரேலியா போகிறோம். அங்கே என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

நமக்குக் குளிர்காலம், அவர்களுக்குக் கோடை. தென்கிழக்கு மாநிலங்களில் காட்டுத்தீக்காலம். சாலையோரத்தில் தீ அபாய அளவைக் காட்டும் பலகைகள் நிற்கும். 2022 செப்டம்பர் முதல் நாடு முழுக்க நான்கே நிலைகள்: மிதம், அதிகம், தீவிரம், பேரழிவு. பேரழிவு என்று காட்டும் நாளில் காட்டுப்பகுதிச் சுற்றுலா வேண்டாம். முழுத் தீத்தடை அறிவித்த நாளில் திறந்தவெளியில் நெருப்பு மூட்டக் கூடாது, அபராதம் கடுமையானது. அவசர எண் மூன்று பூஜ்யம். மகள் வேலைக்குப் போய்விட்டு நீங்கள் இருவரும் வீட்டில் தனியாக இருக்கும் நாட்களில் யார் வந்து அழைத்துப் போவார்கள் என்பதை முதல் வாரமே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

தீ அணைந்துவிட்டது. எப்போது திரும்பலாம்?

வனத்துறையோ தீயணைப்புத் துறையோ சொன்ன பிறகு. உள்ளே வெந்த மரங்கள் காற்றே இல்லாமல் சாயும், ஆகவே மரத்தடியில் நிற்க வேண்டாம். எரிந்த வேர்கள் இருந்த இடத்தில் சாம்பல் மூடிய குழிகள் இருக்கும். மேலே ஆறியது போலத் தெரிந்தாலும் உள்ளே கங்கு, எனவே தடியால் தட்டிப் பார்த்து நடங்கள். அறுந்த மின்கம்பியைத் தொடாதீர்கள். பாம்புகள் கொட்டகைக்கும் கழிவறைக்கும் ஒதுங்கியிருக்கும். பன்னேர்கட்டா, தளிப் பக்கமானால் யானை இடம் மாறியிருக்கலாம், இருட்டும் முன் வேலையை முடியுங்கள். அடுத்த இரண்டு நாள் காலையும் மாலையும் கூரை இடுக்கையும் தாள் போரையும் பார்த்துவிட்டு வாருங்கள். சேதத்துக்கு இழப்பீடு கேட்பதாக இருந்தால் எதையும் அப்புறப்படுத்துவதற்கு முன் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.